மாணவர்களிடையே வாய்ப்புண்ணும் உதட்டுக் கொப்புளமும்: எத்தனை பேருக்கு வருகிறது, ஏன் வருகிறது?

தேர்வு மாதத்தில் எந்தக் கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்திற்குச் சென்றாலும், காரச் சட்னியை ஒதுக்கிவிட்டுத் தயிர்சாதத்தை ஒரு கன்னத்துப் பக்கமாகவே மென்றுகொண்டிருக்கும் மாணவர் ஒருவராவது கண்ணில் படுவார். கேட்டால் வாய்ப்புண் என்பார். அதே மேசையில், கீழுதட்டின் ஓரத்தில் பொருக்குத் தட்டிய கொப்புளங்களுடன் இன்னொருவரும் இருக்கக்கூடும். "உடம்புச் சூடு, இளநீர் குடி, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போடு" என்று இருவருக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். ஆனால் இவ்விரண்டும் தொடர்பற்ற இரு வேறு நோய்கள். ஒன்று தொற்றுவதில்லை, மற்றொன்று தொற்றும். ஒன்றுக்குப் போடும் களிம்பு மற்றொன்றுக்குக் கேடு செய்யும். ஆகவே மாணவர்களில் எத்தனை பேருக்கு இவை வருகின்றன என்று எண்ணுவதற்கு முன்னால், எதை எண்ணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

முதலில் வாய்ப்புண். மருத்துவர்கள் இதை ஆப்தஸ் புண் என்பார்கள். ஹிப்போகிரட்டிஸ் காலத்துக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஓரிரு நாள் எரிச்சலுக்குப் பின் ஒரு சிவந்த புள்ளி தோன்றி, அது குழிந்து, நடுவில் வெளிர்மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு படலமும், சுற்றிலும் சிவப்பு வளையமும் கொண்ட வட்டமான புண்ணாக மாறும். பெரும்பாலானோருக்கு, அதாவது பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், வருவது சிறுவகை: 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டது, ஒன்றிரண்டு வாரத்தில் தழும்பின்றி ஆறிவிடுவது. அதைவிடப் பெரிதாகி, வாரக்கணக்கில் நீடித்து, தழும்பும் விட்டுச்செல்லும் பெருவகை ஒன்றும், மிகச் சிறிய புண்கள் டஜன் கணக்கில் ஒரே நேரத்தில் தோன்றும் வகை ஒன்றும் உண்டு, அவை அரியவை. இந்தப் புண்ணுக்குக் கிருமி எதுவும் காரணமாக உறுதிப்படவில்லை. உடலின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களே, குறிப்பாக டி அணுக்கள், வாயின் மென்தோலைத் தவறாகத் தாக்குவதால் இது உண்டாகிறது. ஆதலால் முத்தத்தாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை.

உதட்டுக் கொப்புளத்தின் கதை வேறு. அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் வேலை. இந்த வைரஸ் பெரும்பாலும் சிறுவயதில், பெரியவர்களின் எச்சில் வழியாக உடலுக்குள் நுழைகிறது; அப்போது சில குழந்தைகளுக்கு ஈறு வீங்கி, வாயெல்லாம் புண்ணாகிக் காய்ச்சல் வரும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. அதன் பிறகு வைரஸ் உடலை விட்டு வெளியேறுவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி அளிக்கும் முப்பெரு நரம்பின் வழியே பின்னோக்கிச் சென்று, மண்டையோட்டின் அடிப்பகுதியில் உள்ள அதன் நரம்பு முடிச்சில் அடங்கிக் கிடக்கிறது. அந்த நரம்பில் அறுவை செய்யப்பட்ட நோயாளிகளுக்கு, நரம்பு பரவும் பகுதியிலேயே கொப்புளம் கிளம்புவதை அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார். இறந்த மனிதர்களின் நரம்பு முடிச்சிலிருந்து வைரஸையே பிரித்தெடுத்துக் காட்டியது 1970களின் தொடக்கத்தில்தான். காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், பல் சிகிச்சை, மன அழுத்தம் என ஏதோ ஒன்று தூண்ட, வைரஸ் அதே நரம்பின் வழியே உதட்டுக்குத் திரும்புகிறது. முதலில் உதட்டில் ஓரிடம் சுருக்கென்று குத்தும், கூசும். அடுத்த நாள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும். பிறகு உடைந்து, பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாளில் உதிரும். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் வரும். நம் ஊரில் இதைப் "பூச்சி கடித்தது" என்று விட்டுவிடுவதும் உண்டு, அக்கி என்பதும் உண்டு. குயவரிடம் சென்று காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இந்த வைரஸின் உறவுக்கார வைரஸ் ஒன்று உடலில் வரிவரியாகக் கிளப்பும் கொப்புளத்துக்கு உரியது. அதுவும் நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து வருவதுதான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இடத்தைப் பார்ப்பது. ஆப்தஸ் புண் வாய்க்குள்ளே, விரலால் தள்ளினால் அசைந்து கொடுக்கும் மென்மையான தோலில் வரும்: உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி, வாய்க் கூரையின் மென்மையான பின்பகுதியான மென்னண்ணம். ஹெர்பிஸ் உதட்டின் வெளி விளிம்பில் வரும். அரிதாக வாய்க்குள் திரும்ப வந்தாலும், எலும்போடு ஒட்டிய கெட்டியான தோலில், அதாவது ஈற்றிலும், வாய்க் கூரையின் கெட்டியான முன்பகுதியான வன்னண்ணத்திலும்தான் வரும். புண்ணாவதற்கு முன் கொப்புளம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. ஆப்தஸ் புண்ணுக்குக் கொப்புளப் பருவமே கிடையாது. இவ்விரண்டோடும் குழப்பிக்கொள்ளப்படும் மூன்றாவது ஒன்றும் உண்டு: வாயின் இரு கோடிகளிலும் தோல் வெடித்து, கொட்டாவி விட்டால் எரியும் கடைவாய்ப்புண். பி2 வைட்டமின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பூஞ்சைத் தொற்று, உதட்டை நக்கும் பழக்கம் ஆகியவை அதற்குக் காரணங்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரைக்கு வாய்ப்புண் மருந்து என்ற புகழ் வந்ததே இந்தக் கடைவாய்ப்புண் ஆறியதைப் பார்த்துத்தானோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். வாய்ப்புண் எத்தனை சதவீதம் மாணவர்களுக்கு வருகிறது என்று தேடினால், ஓரிடத்தில் 1 என்றும், ஓரிடத்தில் 20 என்றும், மற்றோரிடத்தில் 60 என்றும் விடை கிடைக்கும். இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளாக இருக்கலாம். இன்று வாயைத் திறந்து பார்த்தால் புண் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கடந்த ஓராண்டில் வந்ததா என்பது இன்னொன்று. வாழ்நாளில் எப்போதாவது வந்ததுண்டா என்பது மூன்றாவது. 60 பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர்களில் 24 பேர் வாய்ப்புண் வரும் தன்மை உள்ளவர்கள் என்றும், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வந்து 8 நாள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்த்து 192 புண் நாட்கள். 365ஆல் வகுத்தால், ஏதாவது ஒரு நாளில் அந்த வகுப்பில் புண்ணோடு இருப்பவர் சராசரியாக அரை ஆள்தான். சதவீதத்தில் சொன்னால் ஒன்றுக்கும் கீழே. வரலாற்றைக் கேட்டால் 40 சதவீதம், வாயைப் பார்த்தால் 1 சதவீதம். வகுப்பும் அதேதான், நோயும் அதேதான்.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. அமெரிக்காவில் 1986-87இல் 5 முதல் 17 வயது வரையிலான ஏறத்தாழ 39,000 பள்ளி மாணவர்களின் வாயைப் பரிசோதித்த தேசிய ஆய்வில், அன்றைய தினம் ஆப்தஸ் புண் காணப்பட்டவர்கள் 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். முன்பு வந்ததுண்டு என்று கூறியவர்களோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கல்லூரிப் பருவத்தினரைப் பற்றிய மிகப் பரந்த ஆய்வு 1975இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு கண்டங்களில், 21 நாடுகளில், 10,000க்கும் மேற்பட்ட இளம் வயதினரிடம் இரு நோய்களைப் பற்றியும் கேட்டார்கள். ஆண்களில் 38.7 சதவீதத்தினரும் பெண்களில் 49.7 சதவீதத்தினரும் வாய்ப்புண் வந்ததுண்டு என்றார்கள். அதற்கும் முன்பாக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இர்வின் ஷிப்பும் உடன் பணியாற்றியோரும் தொழிற்கல்வி மாணவர்களிடையே 1960 வாக்கில் நடத்திய ஆய்வுகளில், வாய்ப்புண் வந்ததாகக் கூறியோர் பாதிக்கும் மேல். பொதுமக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஐந்தில் ஒருவர் என்பதே பாடநூல்களில் வழக்கமாகக் காணப்படும் மதிப்பீடு.

அப்படியானால் மாணவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை அதிகம்? ஒரு பங்கு வயது. ஆப்தஸ் புண் பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கி, முப்பதுகளுக்குப் பின் படிப்படியாகக் குறையும் நோய். வகுப்பறையில் இருப்பவர்கள் அதன் உச்ச வயதில் இருப்பவர்கள். இன்னொரு பங்கு, கேட்கப்படுபவர் யார் என்பதில் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகள் பல, பல் மருத்துவ, மருத்துவ மாணவர்களிடையே நடந்தவை, ஏனெனில் ஆய்வு செய்யும் ஆசிரியருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம். தம் வாயைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர், போன மாதம் வந்த புண்ணை மறக்கமாட்டார், பிறர் மறந்துவிடுவார்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டதால் வந்த புண்ணையும் கணக்கில் சேர்த்துவிடுபவர்களும் உண்டு. ஆகவே கேள்வித்தாளில் கிடைக்கும் எண்ணைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுப் பயத்தில் வாய்ப்புண் வருகிறது என்ற மாணவர் நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் அடிக்கடி புண் வரும் 160 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், மனத்தைப் பாதித்த நிகழ்வு ஒன்று நேர்ந்த வாரத்தில் புதிய புண் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஆனால் புண் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை அந்த அழுத்தம் மாற்றவில்லை. அதாவது கவலை கதவைத் திறக்கிறது. உள்ளே வந்த பிறகு புண் தன் கணக்குப்படிதான் இருந்துவிட்டுப் போகிறது. அழுத்தம் எப்படி இதைச் செய்கிறது என்பதில் நோயெதிர்ப்பு மாற்றங்களோடு சிறு காயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படிக்கும்போது உதட்டின் உட்புறத்தைப் பல்லால் கொறிப்பவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் முறுக்கும் தட்டையும் நொறுக்குகிறார்கள். காலையில் அவசரமாகப் பல் துலக்கும்போது தூரிகையின் முனை ஈற்றோரத்தில் குத்துகிறது. பல் கம்பி அணிந்திருப்பவருக்கு, கம்பியின் நுனி உரசும் இடத்திலேயே புண் திரும்பத் திரும்ப வரும். புண் வரும் தன்மை இல்லாதவருக்கு இந்தக் காயம் இரண்டு நாளில் ஆறிவிடும். தன்மை உள்ளவருக்கு அதுவே ஆப்தஸ் புண்ணாக மாறுகிறது.

அந்தத் தன்மை பெருமளவு குடும்பத்தில் வருவது. தாய் தந்தை இருவருக்கும் அடிக்கடி வாய்ப்புண் வரும் வழக்கம் இருந்தால், பிள்ளைக்கும் வர வாய்ப்பு மிக அதிகம். எனவே "என் அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று மாணவர் சொல்லும்போது, மருத்துவர் அதைக் குறித்துக்கொள்வார். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் குறைவும் சிலருக்குக் காரணமாகிறது. இந்தியாவில் இது சிறிய செய்தியன்று: 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அடிக்கடி புண் வரும் மாணவி, களிம்பு வாங்குவதற்கு முன் ஒரு முறை ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்வது பயனுள்ளது. சைவம் மட்டும் உண்பவர் பி12 அளவையும் பார்க்கலாம். ஆனால் குறைவு இல்லாதவருக்கு வைட்டமின் மாத்திரை உதவுவதாகத் தெரியவில்லை. மேற்சொன்ன 160 பேரில் நடந்த சோதனையிலேயே, தினமும் பலவகை வைட்டமின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் புண்ணின் எண்ணிக்கையிலோ கால அளவிலோ வேறுபாடு காணப்படவில்லை. விசித்திரமான உண்மை ஒன்றும் உண்டு: புகைப்பவர்களுக்கு ஆப்தஸ் புண் குறைவாக வருகிறது, விட்டவுடன் சிலருக்குப் புதிதாகத் தலைகாட்டுகிறது. புகை வாயின் மென்தோலைத் தடிக்கச் செய்வது காரணமாக இருக்கலாம். இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும்; அந்தத் தடிப்பே பின்னால் புற்றுநோயின் முன்னோடியாக மாறக்கூடும் என்று சேர்த்துச் சொல்லாமல் நான் அடுத்த செய்திக்குப் போவதில்லை.

உதட்டுக் கொப்புளத்துக்கு எண்ணிக்கையை இரண்டு படியாகப் பார்க்க வேண்டும். வைரஸைச் சுமப்பவர்கள் ஒரு தொகை. கொப்புளம் வருபவர்கள் அதற்குள் ஒரு சிறு தொகை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், முதல் வகை ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கிறார்கள். வளர்ந்தவர்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது உதட்டுக் கொப்புளம் வந்தவர்கள் 20 முதல் 40 சதவீதம். வைரஸ் இருந்தும் ஒன்றும் தெரியாமலேயே வாழ்பவர்கள் பலர். அவர்களுடைய எச்சிலிலும் அவ்வப்போது வைரஸ் கசியும். வசதியான நாடுகளில் இப்போது குழந்தைப் பருவத் தொற்று குறைந்துவருகிறது. அமெரிக்காவில் 14 முதல் 19 வயதினரில் வைரஸ் தொற்றியதற்கான அடையாளம் இரத்தத்தில் இருந்தவர்கள் 1999-2004இல் 39 சதவீதம். 2005-2010இல் அது 30 சதவீதமாக இறங்கியது. இதன் விளைவு, முதல் தொற்றைக் குழந்தைப் பருவத்தில் சந்திக்காமல் கல்லூரி வயதில் சந்திப்பவர்கள் அங்கே கூடியிருக்கிறார்கள். அந்த வயதில் அது பெரும்பாலும் கடுமையான தொண்டைப் புண்ணாக வருவதால், டான்சில் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. தண்ணீரை அண்ணாந்து குடிப்பதும், பிறர் எச்சில் பட்டதைத் தொடாமலிருப்பதும் நம் வீட்டுப் பழக்கங்கள்தாம். என்றாலும், கைக்குழந்தையின் கன்னத்திலும் வாயிலும் ஊரே முத்தமிடுவதும் நம் வீட்டுப் பழக்கமே.

சிகிச்சையில் வேறுபாடு இங்குதான் முக்கியமாகிறது. ஆப்தஸ் புண்ணுக்கு மருந்துக்கடைகளில் கிடைக்கும் டிரையாம்சினோலோன் பசை, ஒரு ஸ்டீராய்டு மருந்து. எரிச்சல் தொடங்கும் நாளிலேயே, புண்ணின் மேல் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, மெல்லிய படலமாக இரவில் வைத்தால் நன்கு பயன் தரும். அதே பசையை ஹெர்பிஸ் கொப்புளத்தின் மேல் தனியாகத் தடவினால், உடலின் எதிர்ப்பை அடக்கி வைரஸுக்கு இடம் கொடுப்பதாகிவிடும். கொப்புளத்துக்கு உரியது அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. அதுவும் கூசத் தொடங்கிய முதல் நாளில் எடுத்தால்தான் பயன். பொருக்குத் தட்டிய பின் தடவுவது பணவிரயம். அடிக்கடி வருபவருக்கு மருத்துவர் மாத்திரையாகவே எழுதித் தருவார். வெயிலால் வருபவர்கள், விளையாட்டு விழா நாட்களில் சூரியக்கதிர் தடுக்கும் உதட்டுக் களிம்பைப் பூசிக்கொள்ளலாம். பொருக்கு உதிரும் வரை துண்டு, உதட்டுச்சாயம், தம்ளர் ஆகியவற்றைப் பகிராமலிருப்பதும், கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காமலிருப்பதும் அவசியம். கண்ணின் கருவிழியில் தொற்றினால் இந்த வைரஸ் பார்வையையே கெடுக்கும்.

வீட்டு வைத்தியத்தைப் பொறுத்தவரை, மணத்தக்காளிக் கீரைக் கூட்டையும் தேங்காய்ப்பாலையும் நான் எதிர்க்கமாட்டேன். காரமின்றி மென்மையாக உள்ளே இறங்கும் உணவு என்ற அளவிலேயே அவை புண்ணுக்கு இதம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பதும் நல்லது. ஏழெட்டு நாளில் எப்படியும் ஆறிவிடும் புண் என்பதால், ஆறாம் நாள் எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெருமை போய்ச் சேரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். புண்ணின் மேல் சுண்ணாம்பை நேரடியாக வைப்பது தோலைச் சுட்டுப் புண்ணைப் பெரிதாக்கும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள் சில. வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண் வருவது, கண் சிவந்து பார்வை மங்குவது ஆகியவை, துருக்கி மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937இல் விவரித்த நோயின் அடையாளமாக இருக்கலாம். நீண்டநாள் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால், குடலைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கும் ஒற்றைப் புண் எதுவானாலும், அது ஆப்தஸ் என்று தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. புகையிலைப் பொட்டலத்தைக் கீழுதட்டுக்கும் ஈற்றுக்கும் இடையே ஒதுக்கும் மாணவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆப்தஸ் புண் சிறிதாயிருந்தாலும் தாங்க முடியாமல் வலிக்கும். புற்றுப் புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. விரலால் தொட்டால் அதன் ஓரம் கெட்டியாக இருக்கும். பல் மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, அரிசியளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அரை மணி நேர வேலை அது.